மூன்றாவது ஸ்லாட்

அக்டோபர் 6, திங்கள்

புது கேட்வே பெட்டி வந்து இறங்கிவிட்டது. லாரிக்காரர் அதை அரிசி மூட்டை மாதிரி பொத்தென்று போடப் பார்த்தார். நான் போட்ட சத்தத்தில் வாசல் செக்யூரிட்டி ஓடி வந்துவிட்டார். பின்னே? ஆஸ்பத்திரியின் வாயும் காதும் அந்தப் பெட்டிதான் என்று லாரிக்காரருக்கு யார் சொல்வது? வார்டு இன்டர்காம், ஆபரேஷன் தியேட்டர் போன், ஐ.சி.யூ.வின் அவசர அழைப்பு, வெளியூர் லைன் எல்லாமே அதற்குள் நுழைந்துதான் வெளியே போகவேண்டும். இப்போதைக்கு அது வெறும் இரும்புக் கூடு. எட்டு ஸ்லாட் இருக்கிறது. மாடிக்கு ஒரு சர்க்யூட் கார்டு வீதம் செருக வேண்டும். ஒரு கார்டைச் செருகியதும் அந்த மாடியின் வயர்களைப் பழைய பெட்டியிலிருந்து பிடுங்கிப் புதியதற்கு மாற்ற வேண்டும்.

மேனேஜர் குழந்தைவேல் வந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். வயதில் சின்னவர் என்பதால் அவர் என்னை அண்ணா என்பார். பதவியில் பெரியவர் என்பதால் நான் அவரை சார் என்பேன். 

"தீபாவளிக்குள்ள மாத்தி முடிச்சரோணுங்க, நல்லசிவண்ணா. பட்டாசு கேசு, வண்டியில உழுந்த கேசுன்னு வந்து குமியும். அன்னைக்குப் பார்த்துப் பழைய பெட்டி மக்கர் பண்ணுச்சுன்னா டிரஸ்டி என்னைத் தொலைச்சுப் போடுவாரு."

"நான் இருக்கறப்ப உங்களுக்கு என்னுங்க சார் கவலை?" என்றேன். சும்மா சொல்லவில்லை. இந்த ஆஸ்பத்திரியில் கார்டு மேல் கை வைப்பது நான் ஒருவன்தான். ஆரம்பித்த நாளிலிருந்து என் கையில் ஒரு கனெக்டர் பின்கூட வளைந்ததில்லை.

வீட்டில் பூங்கொடி காப்பியில் கஞ்சம் பிடிக்க ஆரம்பித்திருக்கிறாள். டம்ளரில் பாதிதான் ஊற்றுகிறாள். கேட்டால், "குடிச்சுட்டு மறுக்காக் கேளுங்க, ஊத்தறேன்" என்கிறாள். பால் விலை ஏறிவிட்டதாம்.

அக்டோபர் 8, புதன்

முதல் இரண்டு ஸ்லாட் முடிந்தது.

கார்டு போட இரண்டு பேர் வேண்டும் என்பது எங்கள் டிபார்ட்மென்டில் நானே வைத்த சட்டம். ஒருவர் கார்டை ஸ்லாட்டின் இரண்டு பக்கத் தண்டவாளத்திலும் உட்கார வைத்து மெல்லத் தள்ளுவார். இன்னொருவர் பக்கத்தில் குனிந்து டார்ச் அடித்து, உள்ளே இருக்கும் பின்களின் வரிசையோடு கார்டு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். ஒத்துப்போனால் "நேர்" என்று சொல்வார். அந்த வார்த்தை காதில் விழாமல் கார்டை அழுத்தவே கூடாது. பின்புறப் பலகையில் இருக்கும் பின்கள் முடியைப் போல மெல்லியவை. ஒன்று வளைந்தாலும் அந்த ஸ்லாட்டுக்குக் காரியம் செய்துவிடலாம்.

எப்போதும் கார்டு நான் போடுவேன், டார்ச் மற்றவர்கள் பிடிப்பார்கள். இன்று மாற்றிச் செய்தோம். ரோஸ்லினைப் போடச் சொல்லிவிட்டு டார்ச்சை நான் வாங்கிக்கொண்டேன். ரோஸ்லின் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகப்போகிறது. முப்பத்து நாலு வயது. குழந்தை பிறந்ததில் விட்ட வேலையை மறுபடி பிடித்து வந்திருக்கிறாள். இந்த மாதக் கடைசியில்தான் அவளை நிரந்தரம் ஆக்குவார்களா இல்லையா என்று தெரியும். எத்தனை நாள்தான் கேபிளுக்கு டேக் கட்டிக்கொண்டே இருப்பாள்? அதனால்தான் கொடுத்தேன்.

"என்மேல அவ்வளவு நம்பிக்கைங்களா சார்?" என்று கேட்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"நம்பாமயா குடுக்கறேன், அம்மிணி? போடு" என்றேன்.

இரண்டு கார்டும் பச்சை விளக்கு காட்டின. சர்வர் ரூமில் ஏசியை யாரோ அநியாயத்துக்குக் கூட்டி வைத்திருக்கிறார்கள். முதல் கார்டைக் கவரிலிருந்து நான்தான் எடுத்தேன், விரல் மரத்துப்போய் மறுபடி கவருக்குள்ளேயே வைத்துவிட்டேன். டார்ச்சும் சரியில்லை. வெளிச்சம் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. எல்லாவற்றிலும் மலிவு பார்த்தால் இப்படித்தான்.

அக்டோபர் 9, வியாழன்

சவரம் செய்யும்போது மோவாயில் வெட்டிக்கொண்டேன். புது பிளேடு.

அக்டோபர் 10, வெள்ளி

மூன்றாவது ஸ்லாட். ஐ.சி.யூ. கார்டு.

ரோஸ்லின் தள்ளினாள். நான் டார்ச் அடித்தேன். பாதியில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். "நேர்" என்றேன். மறுபடியும் பார்த்தாள். "நேருன்னு சொல்றன்ல?" என்றேன். அழுத்தினாள். உள்ளே நறுக்கென்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. இரண்டு பக்கக் கொக்கியும் கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு மூடிக்கொண்டன. பச்சை விளக்கு எரிந்தது.

"சத்தம் கேட்டுச்சுங்களா சார்?"

"புதுத் தண்டவாளம், அப்படித்தான் கேக்கும்" என்றேன். ஐ.சி.யூ. வயர்களை மாற்றினோம். மேலே சிஸ்டர் மரகதத்துக்கு போன் போட்டுப் பார்த்தேன். நன்றாகவே கேட்டது.

சாயங்காலம் பூங்கொடிக்குத் தீபாவளிச் சீலை எடுத்தோம். பச்சையா ஊதாவா என்று அரை நாள் யோசித்துவிட்டுக் கடைசியில் பழுப்பை எடுத்தாள்.

அக்டோபர் 11, சனி

காலையில் நான் ஆஸ்பத்திரிக்குள் கால் வைக்கும்போதே விஷயம் காதுக்கு வந்துவிட்டது. விடிகாலையில் ஐ.சி.யூ. போன் அத்தனையும் செத்துப்போயிருக்கின்றன. ஒரு பெரியவருக்கு மூச்சுத் திணறல். சிஸ்டர் மரகதம் அவசரப் பொத்தானை அழுத்து அழுத்தென்று அழுத்தியும் கீழே டியூட்டி டாக்டர் ரூமில் மணி அடிக்கவில்லை. செல்போனுக்கு அந்த மாடியில் சிக்னல் கிடையாது. அந்த அம்மாள் படியில் ஓடி இறங்கி டாக்டரைக் கூட்டிக்கொண்டு ஓடி ஏறியிருக்கிறார். பெரியவர் பிழைத்துக்கொண்டார். சிஸ்டருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது.

கார்டை வெளியே எடுத்துப் பார்த்தோம். மூன்றாவது ஸ்லாட்டில் இரண்டு பின் மடங்கி, பட்டும் படாமலும் கிடந்தன. ஐ.சி.யூ.வைத் திரும்பவும் பழைய பெட்டிக்கே மாற்றினோம். பழைய பெட்டியில் காற்றாடி வேலை செய்யவில்லை, தொட்டால் சுடுகிறது. பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேனை வைத்திருக்கிறோம். இத்தனை பேர் உயிர் டேபிள் ஃபேன் காற்றில் ஓடிக்கொண்டிருக்கிறது.

குழந்தைவேல் கதவை மூடிவிட்டுக் கேட்டார். "யாருங்ண்ணா போட்டது?"

ரோஸ்லின் வாயைத் திறந்தாள். அதற்குள் நான் சொல்லிவிட்டேன். "நான்தானுங்க சார்."

அவர் என்னையே பார்த்தார். "உங்க கையிலயாங்ண்ணா?" என்றார். அந்த இரண்டு சொல்லுக்குப் பதில் அவர் நாலு திட்டுத் திட்டியிருக்கலாம்.

அக்டோபர் 12, ஞாயிறு

ஏன் அப்படிச் சொன்னேன் என்று ரோஸ்லின் கேட்கவில்லை. நானே எழுதி வைக்கிறேன். அவள் போட்டாள் என்று தெரிந்தால் வேலை போய்விடும். அவள் வீட்டுக்காரர் திருப்பூர்ச் சாயப்பட்டறையில் பாதி நாள் வேலையில்லாமல் இருக்கிறார். என்னை யாரும் வேலையை விட்டு அனுப்ப மாட்டார்கள். ஆகவே பழி என்மேல் இருப்பதுதான் எல்லோருக்கும் நல்லது. அதோடு, "நீங்க இருக்கறப்ப அவங்க எதுக்குப் போட்டாங்க?" என்று அடுத்த கேள்வி வரும். அதற்கெல்லாம் உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை.

பூங்கொடி முறுக்குச் சுட்டாள். வழக்கம்போல நான் பிழிந்துகொடுக்க உட்கார்ந்தேன். முறுக்கு வட்டமாக வராமல் எங்கெங்கோ போனது. "மாவு தளர்ந்து போச்சு" என்றேன். "ஆமாங்க, தண்ணி கூடிப்போச்சு. நீங்க எந்திரிங்க, நான் புழிஞ்சுக்கறேன்" என்றாள். அதே மாவில் அவள் பிழிந்தது நன்றாகத்தான் வந்தது.

அக்டோபர் 14, செவ்வாய்

கம்பெனிக்காரர்கள் கூட்டை மாற்றித் தருகிறார்கள். பின் வளைந்த பலகையைச் சரிசெய்ய முடியாதாம். புதுக் கூடு வெள்ளிக்கிழமை வரும். ஞாயிறு காலை ஓ.பி. இல்லாத நேரத்தில் எல்லாக் கார்டையும் ஒரே மூச்சில் போட்டு முடிக்க வேண்டும். இதிலும் ஒரு பின் போனால் தீபாவளிக்குள் வேறு கூடு கிடைக்காது என்று கையை விரித்துவிட்டார்கள்.

"இந்தத் தடவை டிரஸ்டியும் நானும் பக்கத்துலயே நிப்போமுங்க" என்றார் குழந்தைவேல். "நீங்களே உங்க கையால போடுங்கண்ணா. என்னமோ போதாத நேரம், ஒருக்கா தவறிப்போச்சு. டிரஸ்டி சந்தேகமாப் பேசறாரு. அவரு கண்ணு முன்னாடி போட்டுக் காட்டிப்போட்டா வாயை மூடிக்குவாரு. ரோஸ்லின் அக்கட்டால, கதவோரமா நிக்கட்டும்."

"ஆகட்டுங்க" என்றேன். வேறென்ன சொல்வது?

அக்டோபர் 15, புதன்

நரம்பு டாக்டர் ரூமில் போன் வேலை செய்யவில்லை என்று போனேன். ஒயர் லூசாக இருந்தது, அவ்வளவுதான். திருகாணியைத் திருகும்போது அந்த அம்மாள் கம்ப்யூட்டரைப் பார்க்காமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கொஞ்சம் உக்காருங்க நல்லசிவம், ஒரு பேப்பர்ல வட்டம் போட்டுக் காட்டுங்க" என்றார். மேலே அவசர வேலை இருக்கிறது என்று வந்துவிட்டேன். திருகாணியில் ஒன்றைப் போடாமலே வந்திருக்கிறேன். நாளை ரோஸ்லினை அனுப்ப வேண்டும்.

அக்டோபர் 16, வியாழன்

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், கழித்துப்போட்ட பழைய கூடு ஒன்றை எடுத்து மேசையில் வைத்துச் செத்த கார்டு ஒன்றைப் போட்டுப் பழகிப் பார்த்தேன். கார்டு முனை தண்டவாளத்தில் உட்காராமல் தடதடவென்று அடித்தது. இரண்டு கையாலும் பிடித்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு தள்ளினேன். கோணலாகப் போய்ச் சிக்கியது. பழைய தண்டவாளம், நெளிந்திருக்கும்.

திரும்பினால் ரோஸ்லின் சாப்பாட்டு டப்பாவோடு வாசலில் நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை.

"சார், நான் மேனேஜர்கிட்டச் சொல்லிப்போடறனுங்க. நான்தான் போட்டேன்னு."

"சொன்னா உன்ற வேலை போயிரும். பேசாம இரு, அம்மிணி."

"அந்தப் பெரியவருக்கு ஏதாவது ஆயிருந்தா என்னுங்க சார் பண்ணியிருப்போம்? எனக்குச் சோறு எறங்க மாட்டீங்குது."

"நேராத்தான போச்சு. நான் பார்த்துத்தான சொன்னேன்?"

அவள் டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வெளிச்சம் ஆடிக்கிட்டே இருந்துச்சுங்க சார். பின் வரிசை ஒரு நிமிசம் தெரியுது, ஒரு நிமிசம் தெரியல. அதுக்குத்தான் உங்க முகத்தைப் பார்த்தேன். நீங்க நேருன்னு சொன்னீங்க. உங்ககிட்டப் போயி, டார்ச்சைச் சரியாப் புடிங்கன்னு எப்படிங்க சார் நான் சொல்றது?"

எனக்குக் கோபம் வந்தது. சொல்ல வேண்டியதுதானே, வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கத்த வாயெடுத்தேன். கத்தவில்லை. இவள் இடத்தில் நான் இருந்து, என் சீனியர் டார்ச் பிடித்திருந்தால் நானும்தான் சொல்லியிருக்க மாட்டேன். வெளிச்சம் ஆடுகிறது என்றால் கை ஆடுகிறது என்று அர்த்தம். அதை எந்த முகத்தோடு சொல்வது? மரியாதைக்கு வாயை மூடிக்கொண்டு, குத்துமதிப்பாக அழுத்தியிருக்கிறாள்.

சரி. கை ஆடுகிறது. ஏசியும் இல்லை, டார்ச்சும் இல்லை, மாவும் இல்லை. எழுதிவிட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 17, வெள்ளி

புதுக் கூடு வந்துவிட்டது. இம்முறை லாரிக்காரரிடம் நான் சத்தம் போடவில்லை.

எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் இதில் இரண்டே வழிதான். கை ஆடுகிறது என்று ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட்டால், குழந்தைவேல் ஒன்றும் விவரமில்லாதவர் இல்லை. இந்தக் கையால் முதல் இரண்டு கார்டைப் பிசகில்லாமல் போட்டிருக்கவே முடியாதே, அப்புறம் யார் போட்டது என்று அடுத்த நிமிடம் கேட்பார். ரோஸ்லின் மாட்டிக்கொள்வாள். சொல்லாமல் நானே போட்டுக் காட்டினால் அவள் தப்பிப்பாள். நானும் பழைய நல்லசிவமாகவே நடமாடலாம். ஒரே ஒரு முறை, எல்லாக் கார்டையும், சாமி புண்ணியத்தில் நேராகப் போட்டுவிட்டால் போதும்.

சாமி பின் வரிசையைப் பார்த்துச் சொல்லுமா?

அக்டோபர் 18, சனி

பழைய பெட்டி இன்று இரண்டு முறை தானாக அணைந்து தானாக எழுந்தது. அணைந்திருந்த நேரத்தில் ஐ.சி.யூ.வில் நல்லவேளையாக யாரும் யாரையும் கூப்பிடவில்லை. இனித் தள்ளிப்போட முடியாது. சிஸ்டர் மரகதம் காலில் கட்டோடு டியூட்டிக்கு வந்திருக்கிறார். "நாளைக்கு நீங்கதான் போடறீங்கன்னு சொன்னாங்க சார், இனிப் பயமில்லைங்க" என்றார்.

பூங்கொடி புதுச் சட்டையைப் போட்டுப் பார்க்கச் சொன்னாள். பித்தான் மாட்டிவிடக் கிட்டே வந்தாள். நானே மாட்டிக்கொள்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, சட்டை சரியாக இருக்கிறது என்று மடித்து வைத்துவிட்டேன்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

கையெழுத்து பூங்கொடியுடையது. சொல்வது நான். நேற்று எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. இன்று எண்ணெய் தேய்த்துக் குளித்துத் தலை துவட்டும்போது அவளிடம் எல்லாம் சொன்னேன். சொன்னதையே எழுது என்றேன்.

நேற்றுக் காலை டிரஸ்டி வெள்ளைச் சட்டையில் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். குழந்தைவேல் என் பக்கத்தில் டார்ச்சோடு நின்றார். சொன்னபடி ரோஸ்லின் கதவோரம் நின்றாள். பழைய பெட்டியை அணைத்தோம். ஐ.சி.யூ.வுக்காக மாடிக்கொரு ஆளைப் படியில் நிறுத்தியிருந்தார்கள், அவசரம் என்றால் ஓடிவர.

நான் ஐ.சி.யூ. கார்டைக் கவரிலிருந்து எடுத்துத் தண்டவாளத்துக்குக் கொண்டுபோனேன். கார்டு முனை இரும்பில் பட்டுப் படபடவென்று அடித்தது. அந்த ரூமில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. குழந்தைவேல் மெதுவாக, "ஏசி குளிருங்களா அண்ணா? கொறைக்கச் சொல்லட்டுங்களா?" என்றார்.

நான் இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்த சாக்கை அவர் பிரியமாக எடுத்து என் கையில் கொடுக்கிறார். ஆமாம் என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. ஏசியைக் குறைப்பார்கள். அப்புறம் நான் போட வேண்டும். கார்டைப் பார்த்தேன். கார்டு ஆடிக்கொண்டே இருந்தது.

கார்டைக் கவருக்குள் வைத்தேன். "ஏசி இல்லீங்க சார். கை ஆடுது. கொஞ்ச மாசமாவே ஆடுது. என்னால போட முடியாதுங்க" என்றேன். சொல்லும்போது அழுகை வந்தது. அழுதேன்.

நான் நினைத்தபடிதான் நடந்தது. குழந்தைவேல் தலையைத் திருப்பிக் கதவோரம் பார்த்தார். அவர் கேட்பதற்கு முன்னால் ரோஸ்லினே முன்னால் வந்தாள். "அன்னைக்கு நான்தானுங்க சார் போட்டேன்."

"டார்ச் புடிச்சது நானுங்க" என்றேன். "ஆடற வெளிச்சத்துல ஒண்ணுமே தெரியாம நேருன்னு சொன்னது நான். அந்தப் புள்ள ரெண்டு தடவை என் முகத்தைப் பார்த்துச்சு. நான்தான் அதட்டி அழுத்த வெச்சேன். சத்தம் கேட்டுச்சுன்னு சொன்னப்பவும் ஒண்ணுமில்லைன்னு நான்தான் சொன்னேன்."

டிரஸ்டி கடிகாரத்தைப் பார்த்தார். "விசாரணை அப்புறம் வெச்சுக்கலாம். மேல ஆளுக படுத்திருக்காங்க. இப்ப யார் போடறது?"

"ரோஸ்லின் போடட்டுங்க" என்றேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. கார்டு போட வேறு ஆளும் இல்லை.

ரோஸ்லின் கார்டைத் தண்டவாளத்தில் உட்கார வைத்துத் தள்ளினாள். குழந்தைவேல் குனிந்து டார்ச் அடித்தார். இந்த வேலை பழக்கமில்லாதவர், டிரஸ்டி வேறு பின்னால் உட்கார்ந்திருக்கிறார். அவர் "நேர்" என்றார். ரோஸ்லின் அழுத்தவில்லை. கையை நிறுத்தி, அவர் முகத்தைப் பார்க்காமல் ஸ்லாட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "வெளிச்சம் ஆடுதுங்க சார். எனக்குத் தெரியல. கெட்டியாப் புடிங்க."

குழந்தைவேல் இன்னொரு கையாலும் டார்ச்சைப் பிடித்தார்.

கார்டு சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது. ஒவ்வொன்றாக எல்லாமே உட்கார்ந்தன. மேலே இருந்து சிஸ்டர் மரகதம் போனில், "கேக்குதுங்க, நல்லாக் கேக்குதுங்க" என்றார்.

ரோஸ்லினை நிரந்தரம் ஆக்குவார்களா தெரியாது. பார்க்கலாம் என்று மட்டும் டிரஸ்டி சொன்னார். மாதக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. இனி நான் கார்டில் கை வைக்கக் கூடாது, டார்ச்சும் பிடிக்கக் கூடாது என்று குழந்தைவேல் சொன்னார். அவருக்கும் சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது. புதன்கிழமை நரம்பு டாக்டரைப் பார்க்க அவரே நேரம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். பட்டாசுச் சத்தம் காதைப் பிளக்கிறது. இதற்குமேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

இனி எழுதுவது பூங்கொடி. இவர் தூங்கிவிட்டார். சித்திரையில் என் அக்கா மகள் கல்யாணத்தில், தாலி கட்டுவதற்கு முன்னாலேயே இவர் கையிலிருந்து அட்சதை சிந்திக்கொண்டே இருந்தது. அன்றைக்கே பார்த்துவிட்டேன். கேட்டால் வருத்தப்படுவார் என்று நானும் கேட்கவில்லை. அந்த ரோஸ்லின் பிள்ளையை ஒருவரும் குறை சொல்ல வேண்டாம். புதன்கிழமை நானும் டாக்டர் ரூமுக்குள் போவேன். வெளியே உட்கார் என்று இவர் சொன்னாலும் போவேன்.